முதலில் படங்கள், பிறகு வீடியோ

ஃபோட்டோஷாப்பைப் புகைப்படக்காரர்களின் கருவியாகப் பார்த்துத்தான் நமக்குப் பழக்கம். ஆனால் அது உருவானபோதே பக்கத்தில் சினிமா இருந்தது. 1987இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோல், தன் மேக் கணினியின் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டுவதற்காக ஒரு நிரல் எழுதினார். அவருடைய தம்பி ஜான் நோல் அப்போது ஜார்ஜ் லூகாஸ் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் சினிமாத் தந்திரக் காட்சிகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் எழுதிய நிரலின் அருமை தம்பிக்கு உடனே புரிந்துவிட்டது. இருவரும் சேர்ந்து வளர்த்த அந்த மென்பொருள், அடோபி நிறுவனம் வழியாக 1990 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1989இல் வெளியான ஜேம்ஸ் கேமரூனின் 'தி அபிஸ்' படத்தில் தண்ணீரே உருவெடுத்து நீண்டு வரும் காட்சியின் தயாரிப்பில் அது பயன்பட்டிருந்தது.

இலவச மென்பொருளான கிம்பும் இதே வழியில் போனது. 1990களின் இறுதியில் அதன் ஒரு கிளை 'ஃபிலிம் கிம்ப்' என்ற பெயரில் லாஸ் ஏஞ்சலிஸின் ரிதம் அண்ட் ஹியூஸ் ஸ்டூடியோவில் வளர்ந்தது. பிலிமிலிருந்து ஸ்கேன் செய்த ஃபிரேம்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒட்டிய தூசியையும் நடிகரைத் தூக்கிய கம்பியையும் அழிப்பது அதன் வேலை. பின்னாளில் அது சினிபெயின்ட் என்று பெயர் மாறியது. 2005இல் வந்த டிம் பர்ட்டனின் 'கார்ப்ஸ் பிரைட்' பொம்மைப் படத்தை எடுத்தது சினிமாக் கேமராவே இல்லை. கேனன் நிறுவனத்தின் டிஜிட்டல் ஸ்டில் கேமரா. பொம்மையைச் சிறிது நகர்த்துவது, ஒரு ஸ்டில் எடுப்பது, மறுபடி நகர்த்துவது என்று முழுநீளப் படமே ஸ்டில்களாகத்தான் பிறந்தது.

இப்படிப்பட்ட வேலைகளில் கையில் இருப்பவை எண்ணிட்ட தனித்தனிப் படங்கள். வீடியோ என்பது கடைசியில் கட்டப்படுவது. இன்று வீட்டுக் கணினியில் டைம்லாப்ஸ் செய்பவரும், ஃபோட்டோஷாப்பில் லேயர்களை அடுக்கி அனிமேஷன் செய்பவரும் வேலை முடிந்ததும் நேரே எம்பி4 ஆக எக்ஸ்போர்ட் செய்துவிடுகிறார்கள். ஒரு நாளுக்கு மேல் உழைத்த எந்த வேலைக்கும் அது சரியில்லை. முதலில் படவரிசையாக வெளியே எடுக்க வேண்டும். அதிலிருந்து வீடியோ செய்துகொள்ள வேண்டும். இதைப் பழைய ஸ்டூடியோக்களின் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. வீடியோக் கோப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

ஃபோட்டோஷாப்பில் ஃபைல் மெனுவுக்குள் எக்ஸ்போர்ட், அதற்குள் ரெண்டர் வீடியோ என்று ஒரு வசதி உண்டு. 2007இல் சிஎஸ்3 எக்ஸ்டெண்டட் பதிப்பில் வீடியோ லேயர்கள் வந்தன. 2012இல் சிஎஸ்6 வந்தபோது வீடியோ எல்லாப் பயனர்களுக்கும் கிடைத்தது. ரெண்டர் வீடியோவை அழுத்தினால் வரும் பெட்டியின் நடுவில் ஒரு தேர்வு இருக்கிறது. 'அடோபி மீடியா என்கோடர்' என்று இருந்தால் வீடியோ வரும். 'ஃபோட்டோஷாப் இமேஜ் சீக்வென்ஸ்' என்று மாற்றினால் படவரிசை வரும். முன்னிருப்பாக வீடியோவே நிற்பதால் இந்த இரண்டாவது தேர்வைப் பலர் தொட்டதே இல்லை.

இப்போது ஒரு கணக்கு. முழு எச்டி ஃபிரேம் ஒன்றின் அகலம் 1920 பிக்செல், உயரம் 1080 பிக்செல். பெருக்கினால் 20,73,600 பிக்செல்கள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஆக, ஒரு ஃபிரேமுக்கு 62,20,800 பைட். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் ஏறக்குறைய 149 எம்பி. ஒரு நிமிடத்துக்கு 9 ஜிபியை ஒட்டி வந்துவிடும். ஆனால் வினாடிக்கு 8 மெகாபிட் என்ற வேகத்தில் எக்ஸ்போர்ட் செய்த எம்பி4 கோப்பு ஒரு நிமிடத்துக்கு 60 எம்பிதான் இருக்கும். 149 பங்கில் ஒரு பங்கு. பார்க்கும் கண்ணுக்கோ படம் நன்றாகவே இருக்கிறது. மீதி 148 பங்கு எங்கே போயிற்று?

முதல் வெட்டு நிறத்தில் விழுகிறது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பிடிக்கும். நிற வேறுபாட்டில் அவ்வளவு கூர்மை கிடையாது. அதனால் வீடியோவுக்கு மாற்றும்போது சிவப்பு, பச்சை, நீலத்தை ஒரு வெளிச்ச மதிப்பாகவும் இரண்டு நிற மதிப்புகளாகவும் பிரித்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கு இரண்டு என்று சேர்ந்திருக்கும் நான்கு பிக்செல்களுக்கும் தனித்தனி வெளிச்சம் உண்டு. நிறமோ நான்குக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜோடி. 12 எண்கள் இருந்த இடத்தில் 6. பாதி போய்விட்டது. வெள்ளைப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்துகளை வைத்து எக்ஸ்போர்ட் செய்து, பெரிதாக்கிப் பாருங்கள்: எழுத்தின் ஓரத்தில் சிவப்பு கசிந்திருக்கும். அது இந்த வெட்டின் தடம்.

இரண்டாவது வெட்டு பரப்பில். இதற்கு அடிப்படையான கணிதத்தைத் தந்தவர் பெங்களூருவில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1972இல் இந்த ஆய்வுக்காகத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. விடாமல் தொடர்ந்து, தன் மாணவர் டி. நடராஜனுடனும் டெக்சாஸில் இருந்த கே. ஆர். ராவுடனும் சேர்ந்து 1974 ஜனவரியில் அதை வெளியிட்டார். அதன் சாரம் இதுதான்: சிறு கட்டமாக வெட்டிய படத் துண்டு ஒன்றை, மெதுவாக மாறும் அலைகளும் வேகமாக மாறும் அலைகளும் சேர்ந்த கலவையாக எழுதிவிடலாம். சாதாரணப் புகைப்படங்களில் மெதுவான அலைகளே பெரும்பங்கு. நுண்ணிய, வேகமான அலைகளை முரட்டுத்தனமாக முழு எண்ணாக்கினால் பல பூச்சியமாகிவிடும். கண் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. 1992இல் வந்த ஜேபெக் இதை அப்படியே எடுத்துக்கொண்டது. எம்பி4 கோப்புகளில் வழக்கமாக இருக்கும், 2003இல் தரமாக்கப்பட்ட எச்.264 என்ற வீடியோச் சுருக்கமுறை, அதையொட்டிய முழு எண் வடிவத்தைப் பயன்படுத்துகிறது. நாம் அன்றாடம் பார்க்கும் ஏறக்குறைய எல்லாப் படங்களுக்கும் வீடியோக்களுக்கும் அடியில், நிதி மறுக்கப்பட்ட அந்த யோசனை இருக்கிறது. அகமதுவின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இன்னும் அதிகம் தெரியவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாவது வெட்டுதான் பெரியது; அது காலத்தில் விழுகிறது. விடியற்காலைக் கடலை ஒரு டைம்லாப்ஸாக எடுத்திருக்கிறீர்கள். அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களில் மணல் அப்படியே இருக்கிறது. படகு சற்று நகர்ந்திருக்கிறது. அலை மட்டும் புதிது. எச்.264 எல்லா ஃபிரேம்களையும் முழுதாக எழுதுவதில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிலவற்றை மட்டும் முழுப்படமாக வைத்துக்கொள்கிறது. மற்றவற்றை 16க்கு 16 பிக்செல் கட்டங்களாகப் பிரித்து, 'இந்தக் கட்டம் முந்தைய ஃபிரேமில் இந்த இடத்தில் இருந்தது, இவ்வளவு நகர்ந்தது, இவ்வளவு மாறியது' என்று குறித்துக்கொள்கிறது. சில ஃபிரேம்கள் முன்னால் வந்ததை மட்டும் சார்ந்தவை. சில ஃபிரேம்களுக்குப் பின்னால் வரப்போவதும் தேவை. மணல் நிறைந்த பகுதிக்கு 'மாற்றமில்லை' என்ற குறிப்பே போதும் என்பதால் கோப்பு சுருங்கிவிடுகிறது.

இதன் விளைவு: எம்பி4 கோப்புக்குள் 317ஆவது ஃபிரேம் என்று தனியாக ஒரு படம் பெரும்பாலும் இல்லை. அண்டை ஃபிரேம்களைக் கொண்டு ஒவ்வொரு முறையும் கணக்கிட்டு எழுப்பப்படுவது அது. அந்த ஃபிரேமில் மட்டும் லென்ஸின் மேல் ஒரு நீர்த்துளி தெரிகிறது, அழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோப்பைப் பிரித்து, திருத்தி, மறுபடி சுருக்க வேண்டும். ஏற்கெனவே முரட்டு எண்களானவை இன்னொரு முறை முரட்டு எண்களாகும். வானத்தில் கட்டம் கட்டமாகத் திட்டுகள் தெரியத் தொடங்கும். படவரிசையாக இருந்தாலோ 0317 என்ற ஒரு கோப்பைத் திறந்து, துளியை அழித்து, அதே பெயரில் சேமித்தால் வேலை முடிந்தது. மற்றப் படங்களை யாரும் தொடவில்லை. வீடியோ அரிசி, படவரிசை விதைநெல். அரிசியாக்கியதை மறுபடி விதைக்க முடியாது.

எக்ஸ்போர்ட் பாதியில் நின்றுபோகும் ஆபத்தும் இருக்கிறது. எந்த ஃபிரேம் கோப்பின் எந்த இடத்தில் கிடக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று எம்பி4 கோப்புக்குள் உண்டு. எல்லா ஃபிரேம்களும் எழுதி முடிந்த பிறகே அது வழக்கமாக எழுதப்படும். 3,000 ஃபிரேம் உள்ள வேலையில் 2,900ஆவது ஃபிரேமின்போது மின்சாரம் போனால், வன்தட்டில் பெரிய கோப்பு ஒன்று கிடக்கும். ஆனால் எந்தப் பிளேயரும் அதைத் திறக்காது. படவரிசையில் அதே விபத்து நடந்தால் 2,899 படங்கள் பத்திரமாக இருக்கும். கடைசியாக எழுதிக்கொண்டிருந்த படத்தை மட்டும் சந்தேகப்பட்டு, அங்கிருந்து தொடரலாம். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் வீடியோ கேட்டாலும்கூட, முதலில் ஃபிரேம்களைப் படங்களாக எழுதிவிட்டு, பிறகு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியைக் கூப்பிட்டு வீடியோ கட்டிக்கொள்கிறது. சரியான வரிசை அதுதான்.

படவரிசையின் உயிர் பெயரில் இருக்கிறது. 1, 2, 3 என்று பெயர் வைத்தால் பல மென்பொருள்கள் அகரவரிசைப்படி 1, 10, 100, 2 என்று அடுக்கிவிடும். படகு முன்னும் பின்னும் குதிக்கும். அதனால்தான் 0001 என்று முன்னால் பூச்சியம் சேர்க்கிறார்கள். ரெண்டர் வீடியோ பெட்டியிலேயே தொடக்க எண்ணையும் எத்தனை இலக்கம் என்பதையும் கேட்பார்கள். நான்கு இலக்கம் 9,999 வரை போகும். வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதைவிட நீண்ட வேலைக்கு ஐந்து இலக்கம் வேண்டும்.

கேமராவிலிருந்து நேரே வரும் படங்களில் இன்னொரு பொறி. பெரும்பாலான கேமராக்களின் எண்ணி 9999ஐத் தொட்டதும் மறுபடி 0001க்குத் திரும்பிவிடும். டைம்லாப்ஸின் நடுவில் அது நடந்தால், பின்பாதி முன்னாலும் முன்பாதி பின்னாலும் போய், சூரியன் உதித்த பிறகு இருட்டு வரும். எடுத்த நேரப்படி அடுக்கி, லைட்ரூம், பிரிட்ஜ் போன்ற மென்பொருளில் புதிதாக எண்ணிட்ட பிறகே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். நடுவில் எண் விடுபடவும் கூடாது. நன்றாக வரவில்லை என்று ஒரு படத்தை அழித்துவிட்டால், எஃப்எஃப்எம்பெக் அதற்கு முந்தைய படத்தோடு வீடியோவை முடித்துவிடும்.

வரிசை சரியாக இருந்தால், ஃபோட்டோஷாப்பில் முதல் படத்தைத் தேர்ந்து, திறக்கும் பெட்டியில் 'இமேஜ் சீக்வென்ஸ்' என்ற கட்டத்தை டிக் செய்தால் போதும். மொத்தமும் ஒரே வீடியோ லேயராக உள்ளே வரும். அப்போது அது கேட்கும் ஒரே கேள்வி, வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது. அந்தக் கேள்வியைக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் பிஎன்ஜி படத்துக்கோ டிஃப் படத்துக்கோ தான் எத்தனை வினாடி திரையில் நிற்க வேண்டும் என்று தெரியாது. வேகத்தைச் சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் 25 என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் 24க்குத் தயாரித்த ஒரு நிமிட வேலையில் 1,440 படங்கள் இருக்கும்; 25இல் ஓடினால் 57.6 வினாடியில் முடிந்துவிடும். படத்தை மட்டும் பார்த்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கூடவே பேச்சோ பாட்டோ இருந்தால், தொடக்கத்தில் பொருந்தி, போகப் போக விலகி, கடைசியில் 2.4 வினாடி தள்ளி நிற்கும்.

ஒளி ஊடுருவும் படங்களில் நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. பின்னணியில்லாத உருவம் ஒன்றை எக்ஸ்போர்ட் செய்து வேறொரு வீடியோவின் மேல் வைக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு பிக்செலும் எவ்வளவு மறைக்கும் என்று சொல்லும் நான்காவது எண் தேவை. அதற்கு ஆல்ஃபா என்று பெயர். நாம் வழக்கமாகச் செய்யும் எச்.264 வீடியோவில் அதற்கு இடமில்லை, படவரிசையில் உண்டு. இந்த எண்ணை வைத்துக்கொண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் கணிதத்தை லூகாஸ் ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் ஒழுங்குபடுத்தினார்கள். ஆல்ஃபாவை எழுத இரண்டு முறைகள் இருக்கின்றன. நிறத்தை முழுதாக எழுதி, ஆல்ஃபாவைப் பக்கத்தில் தனியாக வைப்பது ஒன்று. நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி எழுதுவது மற்றொன்று. ஃபோட்டோஷாப் இரண்டையும் தரும். எழுதியவர் ஒன்றைத் தேர்ந்து, படிப்பவர் மற்றொன்று என்று நினைத்துக்கொண்டால் ஓரங்கள் கெட்டுவிடும்.

ஒரு நரைமுடியின் ஓரத்தை எடுத்துக்கொள்வோம். நிறம் வெள்ளை, அதாவது 255, பாதிதான் மறைக்கிறது. முன்கூட்டியே பெருக்கியிருந்தால் கோப்பில் 128 என்று இருக்கும். அதை வெள்ளைச் சுவரின் மேல் வைத்தால், 128உடன் சுவரின் பாதியான 127ஐக் கூட்டி 255, அதாவது தூய வெள்ளை வரவேண்டும். ஆனால் மென்பொருள் பெருக்காத நிறம் என்று நினைத்து மறுபடி பாதியாக்கினால் 64தான் மிஞ்சும். 127ஐச் சேர்த்தால் 191. வெள்ளையின் மேல் வைத்த வெள்ளைக்கு ஒரு சாம்பல் கோடு முளைத்துவிடும். முடியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு விளிம்பு தெரிகிறதே, வெட்டியதில் தவறோ என்று பலரும் மாஸ்க்கைத் திரும்பத் திரும்பத் திருத்துவார்கள். மாஸ்க்கில் குற்றமில்லை, எக்ஸ்போர்ட் பெட்டியின் அந்த ஒரு வரிதான் காரணம். பிஎன்ஜி பெருக்காத நிறத்தையே வைத்துக்கொள்ளும். இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் உருவாக்கி 2003இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஈஎக்ஸ்ஆர் என்ற பட வடிவத்தில் பெருக்கிய நிறமே வழக்கம்.

எந்த வடிவத்தில் எடுப்பது? எழுத்து, ஓவியம், ஒளி ஊடுருவும் உருவம் என்றால் பிஎன்ஜி. நிறத்தைப் பிறகு பெரிதாக மாற்றும் எண்ணமிருந்தால் 16 பிட் டிஃப் அல்லது 16 பிட் பிஎன்ஜி. தட்டில் இடமில்லை, நிறவேலையெல்லாம் முடிந்துவிட்டது என்றால் உயர்தர ஜேபெக்கும் போதும். நிறத்துக்கு ஒரு பைட், அதாவது 8 பிட் என்பதன் பலவீனம் வானத்தில்தான் வெளிப்படும். மாலை வானம் திரையின் இடமிருந்து வலமாக 100 என்ற வெளிச்சத்திலிருந்து 120 வரை மெல்ல உயர்கிறது என்று கொள்வோம். இடையில் 20 படிகள்தான் உண்டு. 1920 பிக்செலில் ஒவ்வொரு படியும் 96 பிக்செல் அகலப் பட்டை. தேர்ந்த கண்ணுக்கு அது கோடு கோடாகத் தெரியும். ஃபோட்டோஷாப்பின் 16 பிட் முறையில் 32,769 படிகள் இருப்பதால் பட்டை மறைந்துவிடும். கடைசியில் 8 பிட் வீடியோவாகத்தானே போகிறது என்று கேட்கலாம். நிறத்தை இழுத்துத் தள்ளும் வேலை முழுவதும் 16 பிட்டில் நடந்து, 8 பிட்டுக்கு இறங்குவதற்கு முன் துளி மணல்தன்மையை (நாய்ஸ்) வானத்தில் சேர்த்தால், படிகளின் எல்லை கலைந்து கண் ஏமாறும். 8 பிட்டில் தொடங்கியவருக்கு அந்த வாய்ப்புக் குறைவு.

அளவைப் பற்றிச் சுருக்கமாக. புகைப்படம் 3க்கு 2; வீடியோ 16க்கு 9. 6000க்கு 4000 படத்தை 4கே அகலமான 3840க்குக் குறைத்தால் உயரம் 2560 வரும், தேவை 2160. 400 வரிகளை வெட்ட வேண்டும். எல்லாப் படங்களிலும் அதே இடத்தில் வெட்ட வேண்டும். ஒன்றில் ஒரு பிக்செல் தள்ளினாலும் திரை துடிக்கும். உயரமும் அகலமும் இரட்டை எண்ணாக இருப்பதும் அவசியம். அதே படத்தை 1000 அகலத்துக்குக் குறைத்தால் உயரம் 667 ஆகும்; உயரம் இரண்டால் வகுபடவில்லை என்று எஃப்எஃப்எம்பெக் நின்றுவிடும். நான்கு பிக்செலுக்கு ஒரு நிறம் என்று முன்னால் பார்த்தோமே, கடைசி வரிக்கு ஜோடி இல்லாமல் போவதுதான் சிக்கல்.

நிறவெளியையும் எக்ஸ்போர்ட்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அடோபி ஆர்ஜிபி என்ற நிறவெளியில் திருத்திய படங்களை எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றாமல் வரிசையாக்கினால், பல வீடியோ மென்பொருள்கள் படத்துக்குள் இருக்கும் நிறக்குறிப்பைக் கண்டுகொள்ளாததால் பசுமை வெளிறிவிடும். எச்டி வீடியோவின் அடிப்படை நிறங்களும் எஸ்ஆர்ஜிபியின் அடிப்படை நிறங்களும் ஒன்றே என்பதால் எஸ்ஆர்ஜிபி பத்திரமானது. இதோடு, படத்தில் கறுப்பு 0, வெள்ளை 255. வீடியோவிலோ வழக்கமாகக் கறுப்பு 16, வெள்ளை 235. எழுதியவரும் படிப்பவரும் இதில் முரண்பட்டால் இரவு சாம்பல் பூத்துவிடும்.

வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் பத்து வினாடித் துண்டுக்கு இவ்வளவும் வேண்டாம். நேரே எம்பி4 எடுத்து அனுப்பலாம். படவரிசை இடத்தைத் தின்னும்; ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை வேறு தட்டுக்கு நகலெடுக்க நேரமும் பிடிக்கும். ஆனாலும் 2003இல் எச்.264, 2013இல் எச்.265, 2018இல் ஏவி1 என்று சுருக்கும் முறைகள் மாறிக்கொண்டே வருகின்றன. எம்பி4 மட்டும் கையில் இருப்பவர் ஒவ்வொரு மாற்றத்திலும் சுருக்கியதையே மறுபடி சுருக்குகிறார். படவரிசை இருப்பவர் முதல் தரத்திலிருந்தே புதிதாகக் கட்டிக்கொள்கிறார். அந்த ஃபோல்டருக்குள் ஓர் உரைக்கோப்பும் இருக்கட்டும்: வினாடிக்கு எத்தனை ஃபிரேம், எந்த நிறவெளி, ஆல்ஃபா பெருக்கியதா பெருக்காததா, முதல் எண்ணும் கடைசி எண்ணும் எவை. இவற்றில் முதலாவது அந்தப் படங்களுக்குள் எங்கே தேடினாலும் கிடைக்காது.